பதினேழாம் நம்பர் பெட்

5 பிப்ரவரி 2025, புதன்

மல்லாந்து படுத்தபடி பேனாவில் எழுத முடியாது என்பது 63 வயதில்தான் தெரிகிறது. இரண்டு வரியில் மை நின்றுபோகிறது. தங்கை தன் பேத்தியின் டப்பாவிலிருந்து ஒரு பென்சில் கொண்டுவந்தாள். தலையில் ஆரஞ்சு நிற ரப்பர் வைத்த பென்சில். இனி எல்லாம் இதில்தான்.

நேற்றுக் காலை வாசல் தெளித்த தண்ணீரிலேயே வழுக்கி விழுந்தேன். இடது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து, யாருடைய காலோ மாதிரிக் கிடந்தது. எதிர்வீட்டுப் பையன் 108-ஐக் கூப்பிட்டான். வண்டியில் வந்தவருக்கு முப்பது வயது இருக்கலாம். என்னைத் தொடுவதற்கு முன்னால், "அம்மா, ரெண்டு காலையும் சேர்த்துக் கட்டப் போறேன். கட்டுறப்ப நல்லா வலிக்கும். கட்டி முடிச்சா குறையும்" என்றார். சொன்னபடி வலித்தது. சொன்னபடி குறைந்தது.

தொடை எலும்பு இடுப்புக்குக் கீழே முறிந்திருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் விசாரித்ததில் இரண்டே முக்கால் லட்சம் என்றார்களாம். பென்ஷனோடு வரும் மருத்துவப் படி மாதம் ஆயிரம் ரூபாய். அதனால் பெரியாஸ்பத்திரியிலேயே இருந்துவிட்டேன். எலும்பு டாக்டர்கள் இங்கே கைதேர்ந்தவர்கள் என்று எல்லோருமே சொல்கிறார்கள்.

பெண்கள் எலும்பு வார்டு. 42 கட்டில். நான் பதினேழு. ராத்திரி ஒரு பையன் டாக்டர் வந்து முழங்காலுக்குக் கீழே பட்டையாகப் பிளாஸ்டர் ஒட்டி, கயிறு கட்டி, கட்டில் முனையில் இருந்த உருளை வழியாக எடையைத் தொங்கவிட்டுப் போனார். எதற்கு என்று சொல்லவில்லை. விடிய விடியக் கால் எங்கோ போய்க்கொண்டிருப்பது போல இருந்தது. காலையில் பதினெட்டாம் நம்பர்க்காரம்மா சொன்னார்: "எலும்பு ஒண்ணுமேல ஒண்ணு ஏறாம இழுத்துப் பிடிக்கத்தான் அது. அசைஞ்சா வலிக்கும்ல, அதுக்கும்." அவர் வந்து மூன்று வாரம் ஆகிறது. இந்த வார்டில் பாதி வைத்தியம் பக்கத்துக் கட்டில்காரர்கள் சொல்லித்தான் புரிகிறது.

6 பிப்ரவரி, வியாழன்

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் வெள்ளைக் கோட்டில். என் கட்டிலருகே நின்றார்கள். பெரியவர் போர்வையை இழுத்து இடுப்பு வரை விலக்கினார். ஒரு வார்த்தை இல்லை. கால் ஏன் குட்டையாகத் தெரிகிறது என்று மாணவர்களிடம் ஆங்கிலத்தில் கேட்டார். ஒரு பெண் சரியாகச் சொன்னாள். "வெரி குட்." போய்விட்டார்கள். போர்வை காலடியிலேயே கிடந்தது. எனக்கு எட்டவில்லை. தங்கை மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தாள்.

அவர்கள் படிக்கத்தான் வேண்டும். இங்கே படித்துத்தான் நாளைக்கு நாலு பேர் காலைச் சரிசெய்வார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. "பார்க்கலாமாம்மா?" என்று ஒரு சொல். என்ன, ஒரு விநாடி ஆகுமா?

போர்வையைப் போர்த்திவிட்டது ஆயா. ஐம்பது வயசுக்காரர், காதில் பிளாஸ்டிக் தோடு. அவரேதான் பெட்பேனும் வைத்தார். வார்டு முழுவதற்கும் ஒரே ஒரு திரை, அதிலும் ஒரு சக்கரம் இல்லை. அதை இழுத்துவந்து வைத்துவிட்டு, "அம்மா, இது எவர்சில்வரு, சில்லுனு இருக்கும். நான் மூணு சொன்னதும் நல்ல காலை மடக்கி இடுப்பைத் தூக்கணும். ஒண்ணு, ரெண்டு..." என்றார். வெட்கம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இருக்கத்தான் செய்கிறது. தங்கை இருபது ரூபாய் நீட்டினாள். வாங்கிக்கொண்டார். ஒப்பந்த ஆள் அவர், நாள் கூலிதானாம். வாங்கியதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முப்பத்து மூன்று வருஷம் தபால் ஆபீசில் இருந்தவள் நான். எங்கள் தபால்காரர்கள் பொங்கல் இனாம் கேட்டு வீடு வீடாகப் போனபோது நான் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்?

சாயங்காலம் ஒரு சிஸ்டரிடம் எரிந்து விழுந்தேன். ஊசி போட வந்தவர் "உங்க பேரு?" என்றார். மத்தியானம் வந்தவரும் கேட்டார், காலையில் வந்தவரும் கேட்டார். "இத்தனை தடவை சொல்லியாச்சு, கேஸ் ஷீட்ல இருக்குல்ல?" என்றேன். அவர் கோபப்படவில்லை. தலையை அந்தப் பக்கம் அசைத்து, "இருபத்தி ஒண்ணுல இருக்கவங்களுக்கும் உங்க பேருதான். அவங்களுக்குச் சக்கரை ஊசி, உங்களுக்கு வேற. அதான் நீங்களே உங்க வாயால சொல்லணும்" என்றார். பிறகு ஐ.பி. நம்பரையும் ஒத்துப் பார்த்துக்கொண்டார். முன்கையில் கொசு கடித்ததுபோல் சின்னதாய் ஒரு குத்து, அதைச் சுற்றிப் பேனாவில் ஒரு வட்டம். மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் டோஸ். "அரை மணி கழிச்சு வந்து பாப்பேன், அரிச்சா உடனே கூப்பிடுங்க." இருபத்தைந்தாவது நிமிஷம் வந்துவிட்டார்.

இனி யார் கேட்டாலும் பெயரை முழுசாகச் சொல்வேன், இனிஷியலோடு.

7 பிப்ரவரி, வெள்ளி

இன்று ஆபரேஷன் என்றார்கள். நேற்று ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு இட்லி, அதோடு சரி. தண்ணீரும் கூடாது என்றார்கள். காலையில் பச்சை அங்கி மாட்டி, தலைமுடியை இரண்டாகப் பின்னிக் கட்டி, வளையல் தோடெல்லாம் கழற்றித் தங்கையின் முந்தானையில் முடிந்தாயிற்று. ஒன்பது. பத்து. பதினொன்று. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சாம்பார் சாதத் தள்ளுவண்டி எங்களைத் தாண்டிப் போனது. "எப்ப கூப்பிடுவாங்க?" என்று தங்கை மூன்று தடவை போய்க் கேட்டாள். "கூப்பிடுவாங்க."

மூன்று பத்துக்கு ஒரு வார்டு பாய் வந்தார். "பதினேழு, இன்னைக்கு இல்ல. சாப்பிடச் சொல்லுங்க." அவ்வளவுதான்.

ஏன் என்று யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் ஆயா சொல்லித்தான் தெரியும். விடிகாலையில் பைபாஸில் வேன் கவிழ்ந்து ஐந்து பேரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். காலையிலிருந்து தியேட்டரில் அவர்கள்தான். இதை ஏழு மணிக்கே சொல்லியிருந்தால் நான் என்ன சண்டைக்கா போவேன்? 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டு ஒரு காபி குடித்திருப்பேன். எட்டு மணி நேரம் நாக்கு வறண்டு, ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டு கிடந்திருக்க மாட்டேன்.

தங்கை கத்தக் கிளம்பினாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். வார்டு வாசலில் பெரிய போர்டு ஒன்று, சிவப்பு எழுத்தில்: மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடவடிக்கை. அடிப்பவர்கள் இருக்கிறார்கள், போர்டும் வேண்டும்தான். இன்றைய கோபத்தில் பாதியை ஒரு வாக்கியம் தணித்திருக்கும் என்றும் தோன்றுகிறது.

8 பிப்ரவரி, சனி

இன்று நடந்ததை விரிவாகவே எழுத வேண்டும்.

பார்வையாளர் நேரத்தில் தங்கை வீட்டுக்காரர் வந்திருந்தார். அப்போது ஒரு பி.ஜி. டாக்டர், இருபத்தாறு வயதுப் பையன், கண்ணுக்குக் கீழே கறுப்பு, நாலு பக்கக் காகிதத்தோடு வந்தார். என்னைத் தாண்டிப்போய் மாப்பிள்ளையிடம் நீட்டினார். "சார், இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு."

"தம்பி, கால் யாருது?" என்றேன்.

திரும்பிப் பார்த்தார்.

"என் காலை அறுக்கிறதுக்கு அவர் எதுக்குக் கையெழுத்துப் போடணும்? எனக்குப் பேச்சு வருது. கையெழுத்தும் வரும். முப்பத்து மூணு வருஷமா ஒரு நாளைக்கு இருநூறு கையெழுத்துப் போட்டவ நான்."

மாப்பிள்ளை வக்கீல் குமாஸ்தா. இந்த மாதிரி இடத்தில்தான் அவருக்கு உற்சாகம் வரும். "மதினி சொல்றது சரிதான் டாக்டர்" என்று ஆரம்பித்துவிட்டார். டெல்லியில் ஒரு பெண்ணுக்குச் சோதனை செய்து பார்ப்பதற்கு மட்டும் சம்மதம் வாங்கியிருந்தார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போது வெளியே உட்கார்ந்திருந்த அவருடைய அம்மாவிடம் கேட்டுக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வயது வந்த, புத்தி தெளிவாக உள்ள நோயாளிக்கு அவசரம் இல்லாத நிலையில் அவர்தான் சம்மதம் தர வேண்டும், பெற்ற தாயே கொடுத்தாலும் செல்லாது என்று 2008-ல் தீர்ப்பு வந்தது. குமாஸ்தா இதையெல்லாம் ஜட்ஜ் குரலில் சொல்லி முடித்தார். பையன் டாக்டரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அவர் பதிலுக்கு முறைக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்த வார்டுக்கு வந்ததிலிருந்து ஒரு டாக்டர் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான். ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் திருப்பி அதில் வரைந்தார். தொடை எலும்பு, அதன் தலை, பந்துக் கிண்ண மூட்டு, நடுவே குறுக்காக ஒரு கோடு. "இங்கதான் உடைஞ்சிருக்கு. இடுப்புப் பக்கம் சின்னதா ரெண்டு மூணு இடத்துல கீறி, எலும்புக்குள்ள ஒரு நீளக் கம்பி விடுவோம். மேல இருந்து திருகாணி ஒண்ணு எலும்புத் தலைக்குள்ள போகும். கீழ ஒரு பூட்டு. கம்பி அப்படியே உள்ள இருந்துரும்."

நான் கேட்டேன், அவர் சொன்னார். முழு மயக்கமா? இல்லை, முதுகில் ஊசி, இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும். செய்யாமல் விட்டால்? எலும்பு கோணலாகச் சேரலாம், சேராமலும் போகலாம், மாதக்கணக்கில் படுக்கை. படுக்கையில் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், புண் வரும், காலில் ரத்தம் உறையும். செய்தால் என்ன கெடுதல்? சீழ் பிடிக்கலாம், கம்பி நகரலாம், ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம், உறைந்த ரத்தக்கட்டி நெஞ்சுக்குப் போகலாம். "அதுக்குத்தான் தினமும் வயித்துல ஒரு ஊசி போடுறோம்." போடுகிறார்களா? ஆமாம், மூன்று நாளாகத் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு குத்து. அது எதற்கென்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

கடைசியாக, "நேத்து ஏன் நடக்கலைன்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். "நான் முந்தாநாள் காலைல இருந்து தியேட்டர்லதாம்மா. வீட்டுக்குப் போகலை." மன்னிப்பா காரணமா தெரியவில்லை. எதுவானாலும் எடுத்துக்கொண்டேன்.

நான் கையெழுத்துப் போட்டேன். சாட்சி இடத்தில் மாப்பிள்ளை. படம் வரைந்த சீட்டை என்னிடம் விட்டுவிடச் சொன்னேன். அது ஆஸ்பத்திரிச் சொத்து என்று யோசித்தார், பிறகு கொடுத்துவிட்டார். இந்த நோட்டுக்குள் இருக்கிறது.

9 பிப்ரவரி, ஞாயிறு

மருந்து அலமாரியை ஆயா சுத்தம் செய்ய நகர்த்தியபோது பின்னால் சுவரில் ஒரு போர்டு தெரிந்தது. 'நோயாளிகளின் உரிமைகள்.' தங்கையை விட்டுப் போட்டோ எடுக்கச் சொன்னேன். இரண்டே நிமிஷம், அலமாரி பழைய இடத்துக்குப் போய்விட்டது.

தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் வகுத்த பட்டியல். மொத்தம் 17. என் கட்டில் நம்பர். நோய் என்ன, வைத்தியம் என்ன, செலவு என்ன என்று புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்கலாம். மருந்தை எந்தக் கடையிலும் வாங்கலாம். மறைவு காக்க வேண்டும். ஆண் டாக்டர் பெண் நோயாளியைச் சோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்கலாம். குறை சொன்னால் கேட்டு விசாரிக்க வேண்டும். கடைசியில் நோயாளியின் கடமைகளும் உண்டு: உடம்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்வது, பணியாளர்களை மதிப்பது. வியாழக்கிழமை அந்த சிஸ்டரிடம் எரிந்து விழுந்தது நினைவுக்கு வந்தது.

மயக்க மருந்து டாக்டர் வந்து பார்த்தார், அம்மாள். வாயைத் திறக்கச் சொன்னார், ஆடும் பல் உண்டா என்றார், முதுகை விரலால் தடவிப் பார்த்தார். ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் ஆகாரம் கூடாது. "ஆனா காலைல ஆறு மணி வரைக்கும் வெறும் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குடிக்கலாம்மா. அது ரெண்டு மணி நேரத்துல வயித்தை விட்டுப் போயிரும்." அப்படியானால் வெள்ளிக்கிழமை? கேட்கவில்லை.

10 பிப்ரவரி, திங்கள்

முடிந்தது. கால் இருக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

11 பிப்ரவரி, செவ்வாய், தைப்பூசம்

நேற்று என்னைத் தியேட்டருக்குக் கொண்டுபோக வந்த தள்ளுவண்டிக்காரர்கள் இரண்டு பேர். லிப்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். லிப்ட் வந்தது, போனது. தங்கைக்குப் புரிந்துவிட்டது. இருநூறு. வண்டி நகர்ந்தது. ஆயாவின் இருபது ரூபாயில் வராத கோபம் இதில் வந்தது. வேலையைச் செய்துவிட்டு இனாம் கேட்பது ஒன்று. போகிற உயிரை நடுவழியில் நிறுத்திவைத்துக் கேட்பது வேறு.

தியேட்டருக்குள் வேறு உலகம். வாசலில் ஒரு சிஸ்டர் என் பெயர், வயது, எந்தக் கால் என்று என்னிடமே கேட்டு, கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டு, இடது தொடையில் மார்க்கர் பேனாவில் அம்புக்குறி போட்டிருக்கிறதா என்று பார்த்தார். உள்ளே இன்னொருவர் அதையே கேட்டார். முந்தாநாள் வந்த மயக்க மருந்து அம்மாள் பின்னாலிருந்து பேசிக்கொண்டே இருந்தார். "இப்ப முதுகுல மருந்து தடவுறேன், ஐஸ் மாதிரி இருக்கும். இப்ப எறும்புக்கடி. இப்ப அழுத்தம் மட்டும் தெரியும், அசையாதீங்க. அவ்வளவுதான். இப்ப காலு சூடாகும், அப்புறம் கனக்கும்." கால்கள் கனத்து, பிறகு காணாமல் போயின. பயப்பட நேரமே கிடைக்கவில்லை. அடுத்தது என்ன என்பதுதான் முன்னாலேயே வந்துவிடுகிறதே.

கத்தி வைக்கும் முன் எல்லோரும் நின்றார்கள். ஒருவர் உரக்க வாசித்தார்: என் பெயர், இடது தொடை, செய்யப்போவது இன்னது, ஆன்டிபயாடிக் போட்டாயிற்று. சுற்றியிருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். மகனிடம் போனில் சொன்னபோது அவன் தேடிப் பார்த்துச் சொன்னான். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியலாம் அது: மயக்கம் கொடுக்கும் முன், கீறும் முன், தியேட்டரை விட்டு வெளியேறும் முன் என்று மூன்று கட்டம், 19 கேள்வி. ஆள் மாறி, கால் மாறி அறுத்துவிடக் கூடாதென்று.

எனக்கு அது பதிவுத் தபால். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும்போதெல்லாம் நம்பரைப் படித்து, பட்டியலில் டிக் அடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பை மாறும். ஒரு கவரைத் தொலைத்தால் எங்களுக்கு மெமோ வரும். சாதாரணத் தபாலை அப்படி யாரும் எண்ணுவதில்லை. தியேட்டரில் நான் பதிவுத் தபாலாக இருந்தேன். வார்டில் சாதாரணத் தபால்.

சுத்தியல் சத்தம் கேட்டது. வலி இல்லை, அதிர்வு பல் வரை வந்தது. கொல்லன் பட்டறையில் படுத்திருப்பது போல. "கம்பி உள்ள போகுதும்மா, ரெண்டு நிமிஷம்."

ராத்திரி வேறு கதை. இன்று அரசு விடுமுறை என்பதால் நேற்று ராத்திரியே பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள் போல. 42 கட்டிலுக்கு இரண்டு சிஸ்டர்கள். ஒன்றரை மணிக்கு டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்து, குழாயில் என் ரத்தம் மேலேறியது. செம்பருத்திச் சாறு மாதிரி இரண்டு விரற்கடை. தங்கை ஓடினாள், ஆளில்லை. "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று கத்தினேன், எனக்கே நாராசமாக இருந்தது. பத்து நிமிஷம் கழித்து ஒரு சிஸ்டர் ஓடிவந்தார், கையுறையில் ரத்தம், வேறு யாருடையதோ. "ஏம்மா கத்துறீங்க? ஒண்ணும் ஆகாது. அங்க ஒரு பொண்ணு மூச்சு விட முடியாம கெடக்கு." கையுறையைக் கழற்றிவிட்டு, குழாயை மூடி, ஊசி வழியாக மருந்துத் தண்ணீர் செலுத்தி, பாட்டிலை மாற்றிப் போய்விட்டார். ஒரு நிமிஷ வேலை.

வருத்தம் தெரிவிக்க அவர் திரும்ப வரவில்லை. ஆனால் அடுத்த பாட்டில் தீருவதற்குக் கால் மணி முன்பே வந்து கட்டிலருகே நின்றார். டார்ச் அடித்துப் பார்த்து, தீர்ந்ததும் புதுப் பாட்டிலை மாட்டிவிட்டு, "இது நாலு மணிக்கு முடியும். நான் மூணே முக்காலுக்கு வருவேன், தூங்குங்க" என்றார். தங்கையும் தூங்கினாள், நானும்.

13 பிப்ரவரி, வியாழன்

வாக்கர் பிடித்து நின்றேன். பிசியோ பெண் ஆறு அடி என்றாள், நாலில் தலை சுற்றியது. உட்கார வைத்தாள். நாளைக்கு ஆறு. யூரின் டியூபை நேற்றே எடுத்துவிட்டார்கள். அதுவே விடுதலை.

மணிக்கொரு தரம் பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். இரண்டு மணிக்கொரு தரம் புரண்டு படுக்க வேண்டும். தலைமை சிஸ்டர் தங்கையின் கையைப் பிடித்து என் குதிகாலையும் முதுகின் அடியையும் தொட்டுக் காட்டினார். "இந்த ரெண்டு இடமும் சிவந்தா, விரலால அழுத்திப் பாருங்க. வெளுத்தா பரவாயில்ல. அழுத்தியும் சிவப்பாவே இருந்தா எங்கிட்ட சொல்லணும். புண்ணாகறதுக்கு முன்னாடி அதுதான் அறிகுறி." தங்கை இப்போது என்னை மாவு பதம் பார்ப்பதுபோல அழுத்திப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

குளிப்பாட்டுவது, ஊட்டுவது, டெஸ்ட் ரிப்போர்ட் வாங்க ஓடுவது எல்லாம் கூட இருப்பவர்கள் வேலை என்று இங்கே யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அப்படித்தான். இருபத்தொன்பதாம் கட்டிலில் கூட ஆளில்லாத ஒரு பாட்டி. ஆயா தன் டப்பா சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அவருக்கு ஊட்டுவதைப் பார்த்தேன். அதற்கு யார் பட்டியல் போட்டது?

15 பிப்ரவரி, சனி

தூக்கமில்லை. பழைய நினைப்பு.

அப்போது முதியோர் பென்ஷன் மணியார்டரில் வரும். மாதம் பிறந்ததும் கிழவிகள் ஆபீஸ் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பணம் தாலுகா ஆபீசிலிருந்து வராத நாட்களில் நான் கவுண்டர் கம்பிக்குள்ளிருந்து சொல்வேன்: "வரலை. நாளைக்கு வா." ஏன் வரவில்லை, எங்கே நிற்கிறது, நாளைக்கும் வராது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். சொன்னால் நாலு கேள்வி கேட்பார்கள், வரிசை நிற்கும். ஒரு கிழவி மூன்று மைல் நடந்து நாலு நாள் வந்தாள். நாலாம் நாள், "அம்மணி, இன்னும் எத்தனை நாள்னு சொல்லிட்டா நான் வீட்ல கெடப்பேன்ல" என்றாள். அன்றைக்கு நான் எரிச்சல்பட்டேன்.

"கூப்பிடுவாங்க." "வரலை. நாளைக்கு வா." இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?

17 பிப்ரவரி, திங்கள்

டிஸ்சார்ஜ். சம்மரி ஒரு பக்கம், பாதி சுருக்கெழுத்து. பி.ஜி. தம்பி வந்து அதன் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தார்: சம்மணம் கூடாது, தரையில் உட்காரக் கூடாது, மேல்நாட்டுக் கழிப்பறைதான், ஆறு வாரம் வாக்கர். காய்ச்சல், காயத்தில் நீர் வடிதல், கெண்டைக்கால் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல் இருந்தால் எந்த நேரமானாலும் வரவும். கெண்டைக்காலின் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தார்.

கேஸ் ஷீட் நகல் வேண்டும் என்று ரெக்கார்டு அறைக்குத் தங்கையை அனுப்பினேன். "அதெல்லாம் கொடுக்கிறதில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சக்கர நாற்காலியில் நானே போனேன். கம்பிக்குப் பின்னால் ஒரு எழுத்தர், மேஜையில் என் உயரத்துக்குக் கட்டுகள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதியில் இருக்கிறது, மாப்பிள்ளை துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். அதை நீட்டவில்லை. "சார், நானும் கவுண்டர்ல இருந்தவதான். கொடுக்க முடியாதா, இல்ல இன்னைக்குக் கொடுக்க முடியாதா? எதுன்னு சொல்லிருங்க" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். அரை நிமிஷம். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் போட்டார். "மனு எழுதுங்க. ஆர்.எம்.ஓ. கையெழுத்து வாங்கணும். அவர் பதினொண்ணரைக்கு மேலதான் வருவார். நகல் எடுக்கிற மிஷின் ரிப்பேர், வியாழக்கிழமை வந்தா கிடைக்கும்." எனக்கு அது போதும். மனுவை மூன்றே வரியில் எழுதினேன், கீழே நம்பர் போட்டு ஒப்புகை முத்திரையும் வாங்கிக்கொண்டேன். பழக்கம் விடாது.

ஆயாவைத் தேடினேன். மாலை ஷிப்டாம்.

24 பிப்ரவரி, திங்கள்

தையல் பிரிக்கப் போனோம். நூல் தையல் இல்லை, ஸ்டேப்ளர் பின் மாதிரி. வெளிநோயாளிப் பிரிவில் கூட்டம், பெஞ்சில் ஒன்றரை மணி நேரம். டோக்கன் நம்பர் சுவரில் எரிந்துகொண்டே இருந்ததால் அலுப்புத் தெரியவில்லை.

டிரஸ்ஸிங் அறையில் தேர்வுக்குப் படிக்கிற வயதில் ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண். திரையை இழுத்துவிட்டாள். "பாட்டி" என்று ஆரம்பித்து, சீட்டைப் பார்த்து, "அம்மா" என்று மாற்றிக்கொண்டாள். "மூணு இடத்துல மொத்தம் பத்தொம்பது பின்னு. நான் எண்ணிக்கிட்டே எடுக்கிறேன், நீங்களும் எண்ணுங்க. கீழ் காயத்துல கடைசி ரெண்டு மட்டும் தோலோட ஒட்டியிருக்கு, அது இழுக்கும்."

ஒன்று, இரண்டு என்று எண்ணினோம். கிண்ணத்தில் ஒவ்வொன்றும் 'டிங்' என்று விழுந்தது. பதினாறு வரை ஒன்றும் தெரியவில்லை. பதினேழில் அவள் நிறுத்தினாள்.

"அடுத்தது ரெண்டும் அதுதான்மா."

"ம், எடு."

இழுத்தது.

"பத்தொம்பது" என்றேன் நான்.